ஓடும் வண்டிக்கு போன் போடும் உங்களுக்கு

வண்டிகளை அனுப்பிவிட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும் சூப்பர்வைசர்களுக்கும், டிரிப் போடுபவர்களுக்கும், அவர்களுக்கு மேலே இருக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

14 ஆண்டுகள் நானும் உங்கள் நாற்காலியில்தான் இருந்தேன். காலையில் வண்டிகளைக் கிளப்பிவிட்டு, ஒரு கையில் பட்டியலும் இன்னொரு கையில் போனுமாக மாலை வரை டிரைவர்களை விரட்டிக்கொண்டிருக்கும் வேலை. "எங்க இருக்கீங்க?" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. ஆகவே இதை மேடை ஏறிப் பேசுகிறவனாக எழுதவில்லை. அதே தவற்றைச் செய்து, தாமதமாகப் புரிந்துகொண்ட ஆளாக எழுதுகிறேன்.

வண்டி ஓட்டும்போது போன் பேசாதே என்று டிரைவருக்குச் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. சாலையோரப் பலகை சொல்கிறது, போலீஸ்காரர் சொல்கிறார், வண்டி பழக்கும் பள்ளியில் சொல்கிறார்கள், வீட்டில் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். ஆனால் அந்த போனில் மறுமுனையில் இருப்பது யார்? பெரும்பாலும் நாம்தான். வேலை நேரத்தில் ஒரு டிரைவரின் போன் அடித்தால், அடிக்க வைத்தது அவருடைய அலுவலகமாகத்தான் இருக்கும். நம்மிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்வதில்லை.

எனக்கும் யாரும் சொல்லவில்லை. ஒரு மதியம் நானாகத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் டிரைவர் ஒருவர் சரக்கு இறக்கப் போய்க்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் எனக்கு இரண்டாவது தடவையாக போன் செய்து, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்றார். குரலில் எரிச்சல். நான் உடனே டிரைவருக்குப் போட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தார். "எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டேன். "பத்து நிமிஷம் சார், பாலம் தாண்டி..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். டயர் இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் மோதிய சத்தம். லைன் அறுந்துபோகவில்லை. யாரோ கத்துவதும், ஒரு ஹாரன் விடாமல் ஒலிப்பதும் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. நான் "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

முன்னால் போன கார் நின்றிருக்கிறது. இவர் அதன் முதுகில் போய் இடித்துவிட்டார். இவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு. காரில் இருந்த பெண்மணி கழுத்தில் பட்டையோடு பல மாதம் இருந்தார். உயிர்ச்சேதம் இல்லை. அதை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

இதில் இரண்டு விஷயங்கள் என்னை இன்றுவரை விடவில்லை. அந்த டிரைவர் எங்கள் விதி எதையும் மீறவில்லை. அவர் காதில் இருந்தது நானே கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்த புளூடூத் ஹெட்செட். இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. அடுத்தது, நான் கேட்ட கேள்விக்குப் பதில் என் மேசையிலேயே இருந்தது. ஜிபிஎஸ் திரையில் அவர் வண்டி ஒரு புள்ளியாக நகர்ந்துகொண்டிருந்தது. கழுத்தைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் நானே பத்து நிமிடம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லியிருப்பேன். போன் போடுவது கைப்பழக்கம். அதனால் போட்டேன்.

விபத்து அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று எழுதினேன். ஆமாம், எழுதியது நான்தான். யாருடன் பேசிக்கொண்டிருந்தார் என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. உங்கள் படிவத்தில் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

ஹெட்செட் கொடுத்துவிட்டால் நம் கடமை தீர்ந்தது என்று நீங்களும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். விபத்துக்குப் பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது, ஏனென்றால் விஷயம் புதியதே இல்லை. 1997இலேயே கனடாவின் டொராண்டோ நகரில் இரண்டு ஆய்வாளர்கள் இதை அளந்து, நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டுவிட்டார்கள். போன் வைத்திருந்து, மோதலில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் அழைப்புப் பட்டியலை எடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் கையாண்ட வழி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மோதல் நடந்த நேரத்துக்குச் சற்று முன்பு அந்த ஆள் பேசிக்கொண்டிருந்தாரா, அதே ஆள் அதற்கு முந்தைய நாள் அதே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தாரா என்று ஒப்பிட்டார்கள். அவசரக்காரரை நிதானக்காரரோடு ஒப்பிட்டுவிட்டார்கள் என்று யாரும் குறை சொல்ல முடியாது, ஒரே ஆளின் இரண்டு நாள்கள் அவை. போன் பேசும்போது மோதல் அபாயம் சுமார் 4 மடங்கு என்று வந்தது. கையில் பிடிக்காமல் பேசும் கருவி இருந்தவர்களுக்கு எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை.

அந்த ஆய்வில் இன்னொரு சின்னத் தகவல். மோதிய பிறகு உதவி கேட்க அந்த போனையே பயன்படுத்தியவர்கள் 39 சதவீதம் பேர். போனை ஒரேயடியாகத் திட்டிவிடவும் முடியாது, பாருங்கள்.

2005இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், மோதிக் காயம்பட்டு மருத்துவமனைக்கு வந்த 456 ஓட்டுநர்களை வைத்து இதே மாதிரி பார்த்தார்கள். அங்கும் 4 மடங்கு. அங்கும் ஹெட்செட்டால் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. வேறு கண்டம், வேறு சாலைகள், எட்டு வருட இடைவெளி, ஆனால் விடை ஒன்றுதான்.

கை காலியாக இருந்தும் ஏன் இப்படி? கையை மட்டுமே யோசித்ததுதான் நம் தவறு. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆட்களை வண்டி ஓட்டும் சிமுலேட்டரில் உட்கார வைத்து, கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துக் கவனித்தார்கள். ஹெட்செட்டில் பேசிக்கொண்டே ஓட்டியவர்களின் கண்கள் சாலையோர விளம்பரப் பலகைகளின் மேல் சரியாகத்தான் விழுந்தன. பிறகு, இந்தப் பலகையைப் பார்த்தீர்களா என்று கேட்டால் பலவற்றை அடையாளம் தெரியவில்லை. கண் பார்த்தது, மனம் பார்க்கவில்லை. விளம்பரப் பலகையைத் தவறவிட்டால் நஷ்டம் விளம்பரக்காரருக்கு மட்டும்தான். முன்வண்டியின் சிவப்பு விளக்கும் அதே கண் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2008இல் மூளையைப் படம்பிடித்தும் பார்த்திருக்கிறார்கள். ஓட்டும் ஆள் பேசக்கூட வேண்டாம். ஒரு வாக்கியத்தைக் காதில் வாங்கி, அது சரியா தவறா என்று யோசித்தாலே போதும், ஓட்டுவதற்கு உழைக்கும் மூளைப் பகுதி ஒன்றின் வேலை 37 சதவீதம் குறைந்துவிட்டது. நாமோ போனில் விலாசத்தைச் சொல்கிறோம், பில் எண்ணைப் படிக்கிறோம், "அடுத்த டிரிப்பை முதலில் பார்த்துட்டு இதை அப்புறம் பாருங்க" என்று வரிசையையே மாற்றுகிறோம். அந்த ஆள் அதையெல்லாம் மனத்தில் படம் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு சாலையில் போகிறார்.

குடித்துவிட்டு ஓட்டுபவரோடும் ஒப்பிட்டிருக்கிறார்கள். யூட்டாக்காரர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில் 40 பேர். அதே ஆட்கள் ஒரு நாள் போன் பேசிக்கொண்டு ஓட்டினார்கள், இன்னொரு நாள் அந்த நாட்டுச் சட்ட வரம்பு வரை குடித்துவிட்டு சிமுலேட்டரில் ஓட்டினார்கள். கெட்டுப்போன விதம் வேறு வேறு. குடித்தவர்கள் முன்வண்டியை ஒட்டி ஓட்டி, பிரேக்கை முரட்டுத்தனமாக மிதித்தார்கள். போன் பேசியவர்கள் பிரேக்குக்கே தாமதமாக வந்தார்கள். மொத்தத்தில் போன் பேசியவர்களின் ஓட்டம் குடித்தவர்களுடையதைவிட மேல் என்று சொல்ல வழியில்லை என்பது அவர்கள் முடிவு. எங்கள் அலுவலகத்தில் காலையில் டிரைவர் குடித்திருக்கிறாரா என்று சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்போம். பத்து மணிக்கு நானே போன் போட்டு அந்த நிலைக்குக் கொண்டுபோய்விடுவேன்.

"அப்படியானால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளோடு பேசினால் பரவாயில்லையா?" என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. நம் மேசையைப் பற்றிய முழு விஷயமும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை வைத்தார்கள். நெடுஞ்சாலையில் போய், ஓய்வு நிறுத்தம் வரும்போது வெளியேறி வண்டியை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு நண்பரை உட்காரவைத்துப் பேசிக்கொண்டே போனவர்களில் பெரும்பாலோர் சரியாக நிறுத்தினார்கள். அந்த நண்பரோடு போனில் பேசிக்கொண்டு போனவர்களில் பாதிப் பேர் வழியைத் தவறவிட்டார்கள். ஏனென்றால் பக்கத்தில் இருப்பவர் சாலையைப் பார்க்கிறார். குறுக்கே ஒருவன் வந்தால் பேச்சைத் தானாக நிறுத்துகிறார், "பாத்து, பாத்து" என்கிறார், சில நேரம் அவரே வழியும் காட்டுகிறார். போனில் இருக்கும் நமக்கு அந்தச் சாலை தெரியாது. லாரி குறுக்கே திரும்பும் அதே நொடியில்தான் "என்ன, பேச்சையே காணோம்?" என்று அதட்டுவோம்.

அதட்டுவது என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். "டிரைவர் எடுக்காமல் இருந்திருக்கலாமே?" என்று விபத்து நடந்த அன்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். எடுக்காமல் இருக்க நாம் விட்டிருக்கிறோமா? இரண்டு மிஸ்டு கால் விழுந்தால் "ஏன் எடுக்கலை? தூங்குறீங்களா?" என்று கேட்டது யார்? போனை எடுக்காத டிரைவர் சரியில்லை என்று மாதக் கடைசியில் பெயருக்கு எதிரே குறி போட்டது யார்? சம்பளம் கொடுக்கும் இடத்திலிருந்து வரும் அழைப்பை வீட்டிலிருந்து வரும் அழைப்பு மாதிரி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. அதனால்தான் டிரைவர்கள் ஒரு பொய்யைக் கற்றுவைத்திருக்கிறார்கள். "வண்டி நிக்குதா?" என்று கேட்டால், பின்னால் இன்ஜின் சத்தம் கேட்கும்போதே "ஓரமாத்தான் நிக்கிறேன் சார், சொல்லுங்க" என்பார்கள். அந்தப் பொய்யை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். பொய் என்று தெரிந்தேதான் மேற்கொண்டு பேசினேன்.

நாங்கள் போனே போடுவதில்லை, எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான் என்று சில இடங்களில் பெருமையாகச் சொல்கிறார்கள். இது அதைவிட மோசம். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் லாரிகளுக்குள்ளேயே கேமரா வைத்து நிஜ சாலையில் பதிவு செய்து, 2009இல் முடிவுகளைச் சொன்னார்கள். மெசேஜ் அடிக்கும் ஓட்டுநரின் கண், ஆபத்தை ஒட்டிய 6 நொடியில் 4.6 நொடி சாலையில் இல்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும். ஆக, 100 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய கணக்கு. பெரிய வண்டிகளில் மெசேஜ் அடிக்கும்போது மோதலோ, மோதலை ஒட்டிய நிலையோ வரும் அபாயம் 23 மடங்கு என்று கண்டார்கள். நாமோ நீல டிக் விழவில்லையே என்று கேள்விக்குறி ஒன்றைத் தட்டிவிடுகிறோம். வாய்ஸ் நோட் என்றாலும் அதைத் திறக்க விரலும் கண்ணும் வேண்டும்.

சிக்னலில் நிற்கும்போது பேசினால்? பேச்சை முடித்ததும் மனம் உடனே சாலைக்குத் திரும்பிவிடுவதில்லை. வாகனங்களில் வாயால் சொல்லி இயக்கும் வசதிகளை அமெரிக்காவின் ஏஏஏ சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளை 2015இல் சோதித்தபோது, வேலை முடிந்த பிறகும் கவனச் சிதறல் 27 நொடி வரை நீடிப்பதைக் கண்டார்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் 27 நொடி என்றால் 450 மீட்டர். பச்சை விழுந்து, வண்டி கிளம்பி, அடுத்த குறுக்குச் சாலையையே தாண்டியிருப்பார், மனம் இன்னும் நாம் சொன்ன விலாசத்திலேயே நின்றிருக்கும்.

ரயில் ஓட்டுபவருக்கும் இது விதிவிலக்கு இல்லை. 2013 ஜூலை 24 அன்று ஸ்பெயினில் சாண்டியாகோ டி கொம்போஸ்டெலா அருகே ஒரு விரைவு ரயில் வளைவில் தடம் புரண்டது. 80 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய வளைவுக்குள் சுமார் 180இல் நுழைந்தது. ஏறக்குறைய 80 பேர் இறந்தார்கள். வளைவுக்குச் சற்று முன்புவரை ஓட்டுநர் போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசியது அதே ரயிலில் இருந்த டிக்கெட் பரிசோதகரோடு. விஷயமும் வேலை விஷயம்தான், முன்னால் வரும் ஒரு நிலையத்தில் எந்த நடைமேடை என்பது பற்றி. அந்த இடத்தில் ரயிலைத் தானாக மெதுவாக்கும் ஏற்பாடு இல்லாதது பெரிய குறை, அதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்த அழைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் மேசைதான் ஞாபகம் வருகிறது. நல்ல எண்ணத்தோடு, பயணிகளின் வசதிக்காக, கெட்ட நேரத்தில் வந்த ஒரு போன்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்றும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பல நாடுகளின் சட்டம் இன்னும் கையில் பிடித்துப் பேசுவதை மட்டுமே குற்றம் என்கிறது என்பது உண்மை. ஆனால் நீதிமன்றங்கள் மறுமுனையையும் பார்க்க ஆரம்பித்துவிட்டன. 2012இல் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு குளிர்பான நிறுவனத்தின் ஊழியர், நிறுவன விதிப்படியே ஹெட்செட்டில் பேசிக்கொண்டு ஓட்டி ஒரு பெண்மீது மோதினார். நிறுவனம் 2 கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. விதியைக் கடைப்பிடித்தார் என்பது காப்பாற்றவில்லை, விதியே போதாது என்றாகிவிட்டது. 2013இல் நியூ ஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. ஓட்டிக்கொண்டிருப்பவர் உடனே பார்ப்பார் என்று தெரிந்தே ஒருவர் மெசேஜ் அனுப்பினால், அனுப்பியவருக்கும் பொறுப்பு வரலாம் என்றது. அந்த வழக்கில் அனுப்பிய பெண்ணுக்கு அது தெரிந்திருந்ததற்குச் சான்று போதவில்லை என்று விட்டுவிட்டார்கள். நமக்கு அந்தச் சாக்கும் கிடையாது. அவர் ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்பது நமக்குத் தெரியும். அனுப்பிவைத்ததே நாம்தானே!

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011இலேயே, ஹெட்செட் உட்பட எல்லா வகை போன் பேச்சையும் ஓட்டும்போது தடை செய்யுங்கள் என்று பரிந்துரைத்துவிட்டது. முந்தைய ஆண்டு மிசௌரியில் நடந்த தொடர் மோதலை விசாரித்த பிறகு வந்த பரிந்துரை அது. அந்த மோதலில் இரண்டு பேர் இறந்தார்கள், 38 பேர் காயமடைந்தார்கள். முதலில் மோதிய பிக்கப் வண்டியின் இளைஞருக்கும் இன்னொருவருக்கும் இடையே, மோதலுக்கு முந்தைய 11 நிமிடத்தில் 11 மெசேஜ்கள் போய் வந்திருந்தன.

சரி, வண்டியை அனுப்பிவிட்டு வாயைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? வேலை நடக்க வேண்டாமா? நானும் இதைத்தான் முதலில் கேட்டேன். விபத்துக்குப் பிறகு ஒரு வாரம், டிரைவருக்கு போன் எடுக்கும் முன் ஏன் எடுக்கிறேன் என்று ஒரு நோட்டில் எழுதிவிட்டுத்தான் எடுத்தேன். எழுதிப் பார்த்தபோதே பாதி அழைப்புகளைக் கைவிட்டேன், எழுதவே கூச்சமாக இருந்தது. எங்கே இருக்கிறார் என்பது திரையில் இருந்தது. எப்போது வருவார் என்பதும் திரையில் இருந்தது. "சீக்கிரம் போங்க" என்பது எந்த வண்டியையும் சீக்கிரம் கொண்டுபோனதில்லை. அந்த வாரம் உண்மையிலேயே காத்திருக்க முடியாத அழைப்பு ஒன்றே ஒன்று, தவறான சரக்கை ஏற்றிக்கொண்டு போன வண்டிக்கு. அதுகூட அவர் அடுத்து நிறுத்தும்வரை பொறுத்திருந்தால் கூடுதலாக ஓடியிருக்கும் சில கிலோமீட்டர்தான் நஷ்டம்.

பிறகு எங்கள் இடத்தில் திசையை மாற்றினோம். மேசை டிரைவரைக் கூப்பிடாது, டிரைவர்தான் மேசையைக் கூப்பிடுவார். ஒவ்வொரு இடத்திலும் சரக்கை இறக்கியதும், வண்டியைக் கிளப்பும் முன், ஒரு அழைப்பு. சொல்ல வேண்டியதையெல்லாம் சேர்த்துவைத்து அப்போது சொல்வோம். அடுத்த இடத்துக்கு வழியை மேப்பில் போட்டு, குரலை ஆன் செய்து, போனை ஸ்டாண்டில் மாட்டிய பிறகுதான் வண்டி நகரும். ஸ்டாண்ட் கண்ணாடியின் நடுவில் சாலையை மறைக்கிற மாதிரி இருக்கக் கூடாது, ஏர்பேக் விரியும் இடத்திலும் கூடாது. வாடிக்கையாளரிடம் டிரைவர் எண்ணைக் கொடுப்பதை நிறுத்தினோம். இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். ஆனால் அவர்களுக்கு வேண்டியது பதில், அந்தப் பதிலை மேசையே சொல்லும்போது யாரும் டிரைவரைத் தேடவில்லை. மிஸ்டு காலுக்குப் போட்ட குறியை எடுத்துவிட்டோம். ஓடும்போது எடுத்தால்தான் குறி என்று அப்புறம் மாற்றினோம்.

போனிலேயே வழி இருக்கிறது. ஓட்டும்போது தொந்தரவு செய்யாதே என்ற வசதி ஐபோனில் 2017இலிருந்து உண்டு, ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் உண்டு. வண்டி ஓடுகிறது என்று கண்டுகொண்டு அறிவிப்புகளை அடக்கிவிடும், ஐபோனில் மெசேஜ் அனுப்பியவருக்கு 'ஓட்டிக்கொண்டிருக்கிறேன்' என்று தானே பதிலும் அனுப்பும். புளூடூத் இணைந்திருந்தால் அழைப்புகளை உள்ளே விடும்படியும் இருக்கலாம், அதையும் பார்த்து அடைத்துவிடுங்கள். ஆனால் டிரைவர் இதைப் போட்டுக்கொள்ளலாம் என்று மேலாளர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாதவரை போடமாட்டார்கள். எங்கள் ஆட்கள் போடவில்லை.

ஓரங்கட்டிப் பேசு என்று சொல்லும்போதும் ஒரு எச்சரிக்கை. நீங்கள் கூப்பிட்டதற்காக அவசரமாக நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்துவதும் ஆபத்துதான். பின்னால் வருகிறவருக்கு அது நின்ற வண்டி என்று தெரியும்போது நேரமாகியிருக்கும். முறையாக நிறுத்தும் இடம் வரும்வரை மணி அடித்து ஓயட்டும். இருசக்கர வண்டியில் ஆள் அனுப்புகிறவர்களுக்கு இது இன்னும் அதிகம் பொருந்தும். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு தலையைச் சாய்த்தபடி போகிறார்களே, அந்தச் செருகலுக்குக் காரணம் யாருடைய அழைப்பு என்று யோசித்துப் பாருங்கள். சில நொடிக்குள் ஏற்றுக்கொள்ளாவிட்டால் ஆர்டர் அடுத்தவருக்குப் போய்விடும் என்று செயலியை வடிவமைப்பவர்களும் இந்த மடலைத் தங்களுக்கு வந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம். அங்கே மேசையில் ஆள் இல்லை, ஒரு கடிகாரம் இருக்கிறது. மற்றபடி நான் செய்த வேலைதான்.

போனை டிரைவர் தானாகவே எடுத்து நோண்டுவது, வீட்டிலிருந்து வரும் அழைப்பு, இதற்கெல்லாம் நாம் பொறுப்பேற்க முடியாது. உண்மைதான். நான் கேட்பது நம் மேசையிலிருந்து போகும் அழைப்புகளை மட்டும். ஒரு நாளுக்கு எத்தனை என்று நாளைக்கு எண்ணிப் பாருங்கள். தவிர்க்கவே முடியாமல் கூப்பிட நேர்ந்தால், எடுத்தவுடன் முதல் கேள்வி "வண்டி ஓடுதா, நிக்குதா?" என்பதாக இருக்கட்டும். ஓடுகிறது என்றால், "நின்னுட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு நீங்கள்தான் முதலில் வைக்க வேண்டும். டிரைவர் வைக்க மாட்டார். முதலாளி பேசும்போது போனை முதலில் வைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

தோளில் கட்டுப் போட்டிருந்த அந்த டிரைவர் குணமாகி வந்த முதல் வாரம், புதிய ஏற்பாட்டை விளக்கினேன். ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினார். சொன்னபடியே, முதல் சரக்கை இறக்கியதும் கூப்பிட்டார். "சார், நின்னுட்டேன். சொல்லுங்க, என்ன வேணும்?"

கேட்பதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. "சும்மாதான், கிளம்புங்க" என்றேன்.

இப்படிக்கு,
முன்பு வண்டி அனுப்பும் மேசையில் இருந்த ஒருவன்